பூனைக்குச் சொல்வது போல

ஆமினா பீவிக்கும் அவள் நாத்தனார் மைமூனுக்கும் இருபது வருஷமாக நேர்ப்பேச்சு கிடையாது. அதற்காக இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேச வேண்டியதையெல்லாம் பூனையிடம் பேசினார்கள்.

செராங்கூன் ரோட்டில் எருமைத் தொழுவங்களுக்கு எதிரே இருந்தது அந்தக் கடைவீடு. கீழே புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விற்கும் கடை. மேலே இரண்டு குடும்பங்கள். கடையில் பாதி ஆமினாவின் புருஷன் ரவூபுடையது. மறுபாதி அவருடைய அக்காள் மைமூனின் புருஷன் சேக் தாவூதுடையது. மேல்மாடியைப் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அடுப்படியைத்தான் பிரிக்க முடியவில்லை. புகைபோக்கி ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஒரே அடுப்படியில் இரண்டு அடுப்பு, இரண்டு அம்மி, இரண்டு தண்ணீர்ப் பானை, இரண்டு பெண்கள், நடுவில் வால் கட்டையான ஒரு பூனை.

மைமூனின் குழம்புச் சட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் போதும். ஆமினா பூனையைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள்.

"பூனையே, சில பேருக்கு வயிறு இருக்கிற எடத்துல கிணறுதான் இருக்கு போல. எவ்வளவு கொட்டினாலும் ரொம்பல."

அம்மியில் மிளகாய் அரைத்தபடியே மைமூன் அதே பூனையிடம் பதில் சொல்லுவாள். "அடுத்தவ சட்டிக்குள்ள எட்டிப் பாக்குற கண்ணு அவிஞ்சு போவும்னு சொல்லி வை, பூனையே."

பூனைக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் மீன் தலை கிடைத்தது. இந்தப் பூனை மூன்றாவது. முந்தின இரண்டும் இவர்கள் பேச்சைக் கேட்டே ஆயுசை முடித்துக்கொண்டன என்று தீவனம் வாங்க வரும் பால்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆமினாவுக்கு இந்த வித்தையில் பெருமை உண்டு. கைநீட்டிச் சண்டை போடுவது, தெருவில் நின்று கத்துவது எல்லாம் மானங்கெட்டவர்கள் செய்கிற வேலை என்பது அவள் எண்ணம். பூனையிடம் சொன்னால் சொன்னதும் ஆயிற்று, சொல்லாததும் ஆயிற்று. கேட்பவள் வயிறு எரிந்து சாகலாம். ஆனால் 'என்னையா சொன்னாய்?' என்று கேட்க முடியாது. இதைவிடக் கூர்மையான கத்தி எந்தக் கடையில் கிடைக்கும்?

இந்த இலட்சணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த ரவூப், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்.

"ஜரீனாவை ஒலி முகம்மதுக்குக் கொடுக்கிறதுன்னு மச்சானும் நானும் பேசி முடிச்சிட்டோம். பெருநாளுக்கு அடுத்த வாரம் நிக்காஹ்."

ஜரீனா இவர்களுடைய ஒரே மகள். ஒலி முகம்மது மைமூனின் ஒரே மகன். மாமன் மகள், அத்தை மகன். ஊரில் எவரும் குறை சொல்ல முடியாத முறை. மகளுக்கும் அவன் மேல் ஆசை இருந்தது. அவன் படியேறி வரும் சத்தம் கேட்டால் அவள் கையிலிருக்கும் ஊசி தையலை விட்டு விரலைக் குத்தும். இது ஆமினாவுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பொம்பளை இருக்கும்வரை இந்தச் சம்பந்தம் எங்கிருந்து வரப்போகிறது என்று நிம்மதியாக இருந்தாள். பகையைவிட உயரமான வேலி உண்டா?

இப்போது ஆண்கள் இருவரும் அந்த வேலியைக் காலால் எட்டி உதைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள்.

"அது நடக்காது," என்றாள் ஆமினா.

"உன் சண்டையை உன்னோட வெச்சுக்க. இதோட அந்தச் சண்டையும் முடியணும்னுதான் இந்த ஏற்பாடே."

"சண்டைக்காகச் சொல்லல. அவங்க ரெண்டு பேருக்கும் நிக்காஹ் ஆகாது. அவன் என் பாலைக் குடிச்சவன்."

ரவூப் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பலகைத் தடுப்பே அதிரும்படி அவர் சிரித்ததை ஆமினா சாகும்வரை மறக்கவில்லை.

"இருபது வருஷமா அவ சட்டியில கிடந்த மீனுக்குக்கூட வயித்தெரிச்சல் பட்டவ நீ. நீ அவ புள்ளைக்குப் பால் கொடுத்தியா? வேற யார்கிட்டயாவது போய்ச் சொல்லு."

சிரிக்கட்டும். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நாகூரிலிருந்து கப்பலேறி இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வருஷம் ஆமினாவுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் மௌத்தாகிவிட்டது. அப்போது மைமூன் நிறைமாதமாக இருந்தாள். மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துப்போன மறுநாள் அவள் இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தன் புருஷனிடம் சொன்னது ஆமினாவின் காதில் விழுந்தது. "அவ கையில பச்சைப் புள்ள தங்காது. எனக்குப் பொறந்தா அவ தொடக்கூடாது. அவ நிழல்கூடப் படக்கூடாது." அன்றைக்கு அந்த வீட்டில் பூனை கிடையாது. அந்த வார்த்தை நேராகவே வந்து விழுந்தது.

பிள்ளை போய்விட்டது, பால் போகவில்லை. மக் சோம் என்கிற மலாய் மருத்துவச்சி, பால் வற்றட்டும் என்று மல்லிகைப் பூவை நெஞ்சில் வைத்து இறுக்கிக் கட்டிவிட்டாள். பூ வாடியதுதான் மிச்சம். அதற்குள் மைமூனுக்கும் பிரசவமாகி, கையோடு ஜன்னி கண்டுவிட்டது. கண் திறக்காமல் கிடந்தாள். ஆண்கள் கடையில். பிள்ளை பகலெல்லாம் கத்தியது. அது கத்தக் கத்த இந்தப் பக்கம் ஆமினாவின் ரவிக்கை நனைந்தது.

மக் சோம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டி வந்து நின்றாள். "கொடு. இல்லேன்னா செத்துடும்."

"சாகட்டும்," என்றாள் ஆமினா. மனதார, பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். அதை அவள் பிறகு ஒருநாளும் மறுக்கவில்லை.

மக் சோம் விவாதம் செய்யவில்லை. பிள்ளையை மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அது மோப்பம் பிடித்து, தலையை ஆட்டி, தானாகவே வாயை வைத்துக் கவ்விக்கொண்டது. யார் வீட்டுப் பிள்ளை, யாருடைய பகை என்றெல்லாம் உடம்புக்குத் தெரியவில்லை. சீ, இதுவும் ஒரு உடம்பா என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடுதான் அடுத்த பக்கமும் மாற்றிக் கொடுத்தாள்.

மைமூனுக்குக் காய்ச்சல் இறங்கும்வரை இரண்டு வாரத்துக்கு மேல் இது நடந்தது. பகலில் எத்தனை முறை என்று கணக்கில்லை. பிறகு மக் சோம் பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். "சொல்லாதே. சொன்னா உன்னையும் கொல்லுவா, என்னையும் கொல்லுவா," என்றாள். அந்தக் கிழவி பிறகு மூவார் பக்கம் மகளோடு போய் அங்கேயே மௌத்தாகிவிட்டாள். சாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆமினாவுக்கு இருந்த ஒரே ஆளும் மண்ணுக்குள் போய்விட்டாள்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்தது நல்ல குணத்தால் அல்ல. அப்படி யாரும் அவளைப் புகழ வேண்டாம். அது அவள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த நகை மாதிரி. மைமூன் பூனையிடம் அவளைக் கரித்துக் கொட்டும்போதெல்லாம், 'உன் மகன் எதைக் குடித்து எழுந்து நின்றான் தெரியுமாடி?' என்று உள்ளுக்குள் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்து மறுபடி முடிந்துகொள்வாள். அந்தச் சுகத்துக்காகவே சொல்லாமல் இருந்தாள்.

விஷயம் ஒரே நாளில் வீடு முழுக்கப் பரவியது. சேக் தாவூது கடையிலிருந்து படியேறி வந்து, வாசலில் நின்றபடி சத்தம் போட்டார். "பகையிருந்தா இருக்கட்டும். அதுக்காக ஹராம் ஹலாலை வெச்சு விளையாடுறதா? என் மவன் வாழ்க்கை என்ன வெத்திலைப் பொட்டியா, வேணும்னா தொறக்க, வேணாம்னா மூட?"

பள்ளிவாசல் ஆலிம்சாவைக் கூப்பிட்டார்கள். அவர் கீழே கடையில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெண்கள் இருவரும் படிக்கட்டில் திரைக்குப் பின்னால், ஒருத்தி மேல்படியில், இன்னொருத்தி கீழ்ப்படியில் உட்கார்ந்தார்கள். வெளியே டிராம் மணியடித்துக்கொண்டு போனது. அது போய்த் தொலையும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரெண்டு வயசுக்குள்ள அஞ்சு தடவை வயிறார குடிச்சிருந்தா அவ உம்மா மாதிரி. அவ புள்ளைங்க கூடப்பொறந்தவங்க மாதிரி. நிக்காஹ் ஆகாது," என்றார் ஆலிம்சா. "கொடுத்ததைக் கண்ணால பாத்தவங்க யாரும் இருக்காங்களா?"

"ஒருத்தி இருந்தா. மௌத்தாயிட்டா," என்றாள் ஆமினா.

"சௌகரியமாப் போச்சு," என்றார் சேக் தாவூது.

"நான் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்றேன்."

திரைக்குள்ளிருந்து மைமூனின் குரல், பூனை அங்கே இல்லாதபோதும், காற்றைப் பார்த்துச் சொன்னது. "பண்ணுவா. பொய்ச் சத்தியம் பண்ணவும் துணிஞ்ச கட்டை."

ஆலிம்சா மைமூனைக் கேட்டார். "உம்மா, நீங்க புள்ளையைப் பெத்தவங்க. உங்களுக்கு இதுபத்தி ஏதாவது தெரியுமா?"

ஆமினா கீழ்ப்படியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள். நாத்தனார் தன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய விரல் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் மைமூன்.

ஆலிம்சா பெருமூச்சு விட்டார். ஒருத்தியின் வார்த்தை போதாது, அதுவும் பகையுள்ளவளின் வார்த்தை, தடுக்க எனக்கு அதிகாரமில்லை என்றார். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் விலகிக்கொள்வதுதான் மார்க்கப் பேணுதல் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார். அந்தக் கடைசி வார்த்தையை மச்சான்கள் இருவரும் புண்ணாக்கு மூட்டைக்கு அடியில் போட்டு மூடிவிட்டார்கள். நிக்காஹ் நிச்சயமாயிற்று.

அப்போதுதான் ஆமினாவுக்கு உறைத்தது. இருபது வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கிய அந்த வாய், உண்மை சொல்ல வேண்டிய ஒரே ஒரு நாளில் செல்லாக்காசாகிவிட்டது. அவள் வெறுத்ததை ஊரே நம்பியது. அவள் பாலூட்டியதை ஒருத்தர்கூட நம்பவில்லை.

ஆனால் அதுகூடப் பெரிதில்லை. பெரியது அன்று மதியம் நடந்தது.

ஆமினா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜரீனா உள்ளே வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. அவளிடம் எப்படியாவது விளக்கிச் சொல்லிவிட வேண்டும் என்று ஆமினா, "ஜரீனா, இங்க வா புள்ள," என்றாள்.

ஜரீனா உம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்து பூனையைத் தூக்கினாள். அடுப்புத் திண்டில் உட்கார வைத்து, அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தபடி, மெல்லிய குரலில் சொன்னாள்.

"பூனையே, பெத்த மகளோட சந்தோஷத்தைப் பார்த்து வயிறு எரியிற உம்மாவை நீ எங்கயாவது பாத்திருக்கியா? நீகூட உன் குட்டியை வாயில கவ்விப் பத்திரமாத்தானே கொண்டுபோவே?"

முறம் ஆமினாவின் கையிலேயே நின்றது.

இந்தப் பெண்ணுக்கு அவள் எதைத்தான் சொல்லிக்கொடுக்கவில்லை? ஓதச் சொல்லிக்கொடுத்தாள், பாதி மறந்துவிட்டாள். தையல் சொல்லிக்கொடுத்தாள், இன்றுவரை ஒரு ஓரம் நேராக அடிக்கத் தெரியாது. ரொட்டிக்கு மாவு பிசைய மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தினாள். ரொட்டி இன்னும் செருப்புத் தோல் மாதிரிதான் வருகிறது. ஆனால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காத இந்த ஒரு வித்தையை எப்படிப் படித்திருக்கிறாள்! அந்தத் தணிந்த குரல், பார்வையைத் திருப்பாத சாமர்த்தியம், கடைசிச் சொல்லில் வைக்கிற அந்தக் கத்தி, எல்லாம் அச்சு அசல் ஆமினாவேதான். இத்தனை வருஷம் அவள் மைமூனோடு சண்டை போடவில்லை. மகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

அந்தக் கத்தி உள்ளே இறங்கும்போது எப்படி இருக்கும் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 'என்னையா சொன்னாய்?' என்று கேட்க வாய் வந்தது. கேட்க முடியவில்லை.

ஜரீனா அதோடு விடவில்லை. பெருநாள் வரை அவள் உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பூனையிடம் எவ்வளவோ பேசினாள். சோறு குழைந்தால் பூனையிடம் சொன்னாள். மைமூன் மாமி தைக்கக் கொடுத்த கல்யாண ரவிக்கையின் அழகைப் பூனையிடம் சொன்னாள். நிக்காஹுக்குப் பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன், இந்தப் பக்கம் இருக்கும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றும் பூனையிடமே சொன்னாள். மைமூன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அம்மியில் மெதுவாக அரைத்தாள். அவள் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்த்து ஆமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெருநாளும் போயிற்று. நிக்காஹுக்கு முந்தின நாள் காலை, மைமூன் அடுப்படியில் மருதாணி இலையை அரைத்துக்கொண்டிருந்தாள். ஜரீனா பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பூனை வாசலில் படுத்திருந்தது. ஆமினா உள்ளே வந்தாள். வழக்கம்போல் பூனையைத் தேடவில்லை. நேராகப் போய் மைமூனின் அம்மிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"லாத்தா," என்றாள்.

குழவி மைமூனின் கையிலிருந்து நழுவி அம்மிக்கல்லில் மோதியது. அக்காள் முறை வைத்து ஆமினா அவளை அப்படிக் கூப்பிட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது.

"என்னை என்ன வேணும்னாலும் நெனச்சுக்குங்க. நான் கெட்டவ. உங்க மேல எனக்கு இருக்கிற வெறுப்பு இன்னைக்கும் ஒரு துளி குறையல. ஆனா அந்த ரெண்டும் நாளைக்குத் தெரியாமலே பாவம் செய்யப் போவுது. நாம ரெண்டு பேரும் தெரிஞ்சே செய்யப் போறோம். உங்களுக்குத் தெரியும். படிக்கட்டுல உங்க விரலைப் பார்த்தேன் லாத்தா. உங்களுக்குத் தெரியும்."

மைமூன் வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. இந்த முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. கண்கள் அங்கும் இங்கும் அலைந்து வாசலில் போய் நின்றன. அங்கே கிடந்த பூனையைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"கேட்டியா பூனையே," என்றாள். குரலில் விஷம் குறையவில்லை. "எனக்குத் தெரியுமாம். காய்ச்சல் விட்டு நான் கண்ணு முழிச்சப்போ என் மாருல சொட்டுப் பால் இல்ல. புள்ளை மட்டும் கொழுகொழுன்னு கிடக்குறான். எதைக் குடிச்சுக் கொழுத்தான்? காத்தையா? நான் தூக்கினா என் மாரை உதறிட்டுக் கத்துறான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருமினா போதும், அழுகையை நிறுத்திட்டு அந்தப் பக்கமாத் தலையைத் திருப்புறான். பெத்தவ நான். செத்துப் பொழைச்சு வந்தவ நான். எவ தொடக்கூடாதுன்னு சொன்னேனோ அவளைத் தேடுறான் என் புள்ளை."

கிள்ளிய காம்புகள் ஜரீனாவின் மடியிலிருந்து சிதறின.

"மாமி, என்ன சொல்றீங்க?"

மைமூன் அவளையும் பார்க்கவில்லை. "என் புள்ளையை அவ எடுத்துக்கிட்டா, பூனையே. அவ புள்ளையை நான் எடுத்துக்கலாம்னு பார்த்தேன். அஞ்சு தடவை இருக்காது, ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்னு என் மனசை நானே ஏமாத்திக்கிட்டேன். போதும். எனக்கு மறுமை இருக்கு. சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

மருதாணி அரைத்த பச்சைக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அவள் எழுந்து போய்விட்டாள். அப்படியே புருஷனிடமும் மகனிடமும் போய்ச் சொன்னாள். முகத்தில் ஐந்து விரலும் சிவந்து பதிந்து, நாள்கணக்கில் அழியாமல் கிடந்தது.

நிக்காஹ் நின்றது. கல்யாண விருந்துக்கு வாங்கிய ஆட்டை விற்றவனே திரும்ப ஓட்டிக்கொண்டு போனான். சேக் தாவூது யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் தராசைத் தூக்கி எறிந்தார். ரவூப் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தடுப்பு அதிரச் சிரித்தவர் கொஞ்ச நாள் சிரிக்காமல் இருந்தார், அவ்வளவுதான். ஒலி முகம்மதுவைப் பினாங்கில் தெரிந்தவர் கடைக்கு அனுப்பி வைத்தார்கள். புறப்படும் அன்று அவன் ஆமினாவின் வாசலில் வந்து நின்றான். மாமி என்றும் கூப்பிடவில்லை, உம்மா என்றும் கூப்பிடவில்லை. எந்தப் பெயர் சொல்வதென்று தெரியாமல், "வர்றேன்," என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினான். சின்ன வயதில் அவன் கதவருகே வந்து நின்றால் 'போடா அந்தப் பக்கம்' என்று அவள் எரிந்து விழுவாள். ஒரு நாளாவது அந்தத் தலையைத் தடவியிருக்கலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். அவனை அவளால் ஒருபோதும் வெறுக்க முடிந்ததில்லை. தாயை வெறுத்த வேகத்தில் மகனையும் வெறுத்துவிட எவ்வளவோ முயன்று தோற்றிருக்கிறாள்.

மகள் இனியாவது பேசுவாள் என்று ஆமினா எதிர்பார்த்தாள். உண்மை வெளியே வந்துவிட்டதே, இனி என்ன கோபம்? ஜரீனா பேசவில்லை. முன்னைவிட அதிகமாகப் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூனையே, இந்த வீட்டுல ரெண்டு கிழவிங்க இருக்காங்க. ஒருத்தி புள்ளையை வெச்சுப் பழி வாங்குவா. இன்னொருத்தி பாலை வெச்சுப் பழி வாங்குவா. நமக்கு ரெண்டு பேரும் வேண்டாம் பூனையே."

காலையில் அது, மதியம் அது, விளக்கு வைக்கும்போதும் அதுதான். மைமூன் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஆமினாவுக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே போனால் இந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், அந்த வீட்டிலும் ஒரு பூனை இருக்கும். அவள் பெற்ற பிள்ளை ஒருநாள் அவளைப் பார்க்காமல் அந்தப் பூனையைத் தூக்கும்.

ஒரு காலையில் ஜரீனா மேலே துணி உலர்த்தப் போயிருந்த நேரம், ஆமினா பூனையைப் பிடித்து ஒரு தவிட்டுச் சாக்கில் போட்டாள். அது சாக்குக்குள்ளிருந்து அவள் கையைப் பிறாண்டியது. துப்பட்டியைத் தலையில் போர்த்திக்கொண்டு, பட்டப்பகலில், கடையில் இருந்த ஆண்கள் வாயைப் பிளந்து பார்க்க, ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்து ரோட்டைத் தாண்டினாள். எருமைத் தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்த பால்காரி பூவம்மாவின் காலடியில் சாக்கை வைத்தாள்.

"இதை நீ வெச்சுக்க."

"ஏம்மா, மூட்டையெல்லாம் எலி தின்னுடுமே?"

"எலி தின்னா புண்ணாக்குதானே போவும்," என்று சொல்லிவிட்டு ஆமினா திரும்பினாள்.

அவள் வந்து அடுப்பில் உலை வைத்தாள். பக்கத்து அடுப்பில் மைமூனும் உலை வைத்திருந்தாள். ஜரீனா இறங்கி வந்தாள். வந்ததும் வழக்கம்போல் குனிந்து தேடினாள். வாசலில் இல்லை. அடுப்புத் திண்டில் இல்லை. விறகுக்குப் பின்னால் இல்லை.

"பூனை எங்க?" என்றாள் பொதுவாக, கூரையைப் பார்த்து.

"கொடுத்துட்டேன்," என்றாள் ஆமினா. "இனிமே இந்த வீட்டுல பூனை கிடையாது. திட்டணும்னா என்னைப் பார்த்துத் திட்டு."

ஜரீனா நின்றாள். கண்கள் அங்கும் இங்கும் ஓடின; ஓடுவதற்கு இடமில்லை. கடைசியில் அந்தக் கண்கள் உம்மாவின் முகத்துக்கு வந்தன. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்தன.

"நீங்க என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க உம்மா," என்றாள். தணிந்த குரல் இல்லை, கத்தினாள். "நான் பொறந்தன்னிக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவரைக் காக்கான்னு கூப்பிட்டு வளர்ந்திருப்பேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பான். அந்த நெனப்பே எனக்கு வந்திருக்காது. நீங்க உங்க ரோஷத்துக்காக அதை மூடி வெச்சீங்க. ஆசை முழுசா வளர்ந்தப்புறம் எடுத்து என் தலையில போட்டீங்க. இப்ப எனக்கு மாப்பிள்ளையும் இல்ல, அண்ணனும் இல்ல. உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்."

பூனையிடம் சொல்வதற்கு ஆமினாவிடம் ஆயிரம் பதில் இருந்திருக்கும். நேராக வந்ததற்கு ஒன்றுகூட இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை. வலித்தாலும், இவ்வளவு நாள் கல்லாக அடைத்திருந்த இடத்தில் மூச்சு போய் வந்தது. என் மகள் என்னைத் திட்டுகிறாள், என்னையேதான் திட்டுகிறாள் என்று நினைத்தாள்.

"சொல்லு," என்றாள். "இன்னும் இருந்தா சொல்லு."

பக்கத்து அடுப்பிலிருந்து மைமூன் திரும்பினாள். வெறும் வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் ஆமினாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவ சொல்றது சரிதான், ஆமினா. தப்பு உன் மேலதான்."

"உங்களுக்கும் சேர்த்துத்தான் மாமி," என்று ஜரீனா அந்தப் பக்கம் திரும்பினாள். "உங்களை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. உக்காருங்க."

மைமூன் உட்கார்ந்தாள். ஆமினாவும் உட்கார்ந்தாள். இரண்டு அடுப்பிலும் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.